குந்தாப்பூர் குழந்தைகளுக்கு ஜெனிவாவில் இடம் இல்லை

1996 நவம்பர் கடைசியில், கர்நாடகக் கடற்கரையில் உடுப்பிக்கு வடக்கே இருக்கும் குந்தாப்பூரில் ஒரு சர்வதேசக் கூட்டம் தொடங்கி டிசம்பர் 9 வரை நடந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். எல்லாருமே வேலைக்குப் போகும் பிள்ளைகள். வீட்டு வேலை, சந்தை வேலை, தெருவில் சாமான் விற்பது என்று ஏதோ ஒன்றைச் செய்து கொண்டே, அவரவர் ஊரில் தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்திருந்தவர்கள். கூட்டம் முடியும்போது 10 கோரிக்கைகள் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். அதைத்தான் குந்தாப்பூர் பிரகடனம் என்கிறார்கள்.

பத்தும் சின்னச் சின்ன வாக்கியங்கள். எங்கள் பிரச்சினைகளையும் எங்கள் அமைப்புகளையும் அங்கீகரியுங்கள். எங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துகிற படிப்பும் தொழிற்பயிற்சியும் வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். கிராமங்களிலேயே வழி செய்யுங்கள், பிழைப்புத் தேடி நாங்கள் ஊரை விட்டுப் போகும்படி ஆகக்கூடாது. எங்கள் நிலைமைக்கு முதல் காரணமான வறுமையைக் கவனியுங்கள். உள்ளூரிலும் தேசிய அளவிலும் சர்வதேச அளவிலும் எங்களைப் பற்றி எடுக்கிற எந்த முடிவிலும் எங்களைக் கலந்து பேசுங்கள். இவ்வளவையும் எந்த அரசும் மேடையில் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும்.

சிக்கல் இன்னும் இரண்டு கோரிக்கைகளில் இருந்தது. குழந்தைகள் செய்த பொருட்களைப் புறக்கணிப்பதை எதிர்க்கிறோம் என்றார்கள். சுரண்டலை எதிர்க்கிறோம், ஆனால் படிக்கவும் விளையாடவும் நேரம் விடுகிற கண்ணியமான வேலையை நாங்கள் எதிர்க்கவில்லை என்றார்கள்.

புறக்கணிப்பை ஏன் எதிர்த்தார்கள் என்று புரிய, வங்கதேசத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை உழைப்பில் உருவான பொருட்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் 1992இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் வங்கதேசத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய 50,000 குழந்தைகளை, பெரும்பாலும் சிறுமிகளை, வெளியே அனுப்பின. அவர்கள் என்ன ஆனார்கள் என்று பின்னால் தேடிப் பார்த்தபோது, பலர் கல் உடைக்கிற வேலையிலும், தெருவிலும், சிலர் பாலியல் தொழிலிலும் இருந்தது தெரிந்தது. யுனிசெஃப் இதைத் தன் 1997ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. வெளியேற்றுகிறவர்களைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், உதவித்தொகை தர வேண்டும் என்ற ஒப்பந்தம் 1995இல்தான் வந்தது. வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் அந்தச் சிறுமிகளில் பத்துப் பேரையாவது உட்காரவைத்துக் கேட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் முதலில் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இங்கிருந்து போனால் எங்கே போவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

குந்தாப்பூருக்கு வந்தவர்களை யாரோ தன்னார்வத் தொண்டு நிறுவனம் பொறுக்கி எடுத்துக் கூட்டி வந்தது என்று நினைத்தால் அது சரியில்லை. பெரியவர்களின் துணை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெருவில் மாந்தோக் என்ற உழைக்கும் குழந்தைகள் இயக்கம் 1976இலேயே தொடங்கிவிட்டது. செனகலின் டாக்கர் நகரில் வீட்டு வேலை செய்யும் சிறுமிகள் 1994 மே தினத்தில் தாங்களும் ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு ஆப்பிரிக்க நாடுகளின் உழைக்கும் குழந்தைகள் ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே நகரில் கூடித் தங்களுக்கு வேண்டிய 12 உரிமைகளை எழுதினார்கள். கர்நாடகத்தில் பீமா சங்கம் 1990இல் பிறந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஒரு அமைப்பு அதற்குப் பக்கபலமாக இருந்தது.

பீமா சங்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் நேராக சர்வதேச மேடைக்குப் போகவில்லை. குந்தாப்பூர் தாலுகா கிராமங்களில் மக்கள பஞ்சாயத் என்று குழந்தைகள் பஞ்சாயத்தை உருவாக்கினார்கள். கன்னடத்தில் மக்கள என்றால் பிள்ளைகளுடைய. பிள்ளைகளே ஓட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கள் ஊரில் என்ன குறை என்று வீடு வீடாகத் தகவல் திரட்டினார்கள். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட ஒரு நடைபாலம், விறகுக்காக நடக்கிற தூரம், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அக்காக்கள் பள்ளியை விடுவது என்று எல்லாமே கைக்கெட்டிய விஷயங்கள். தங்களுக்காகப் பேச நம்பகமான ஒரு பெரியவரையும் அவர்களே தேர்ந்தெடுத்து மக்கள மித்ரா என்று அழைத்தார்கள். பின்னாளில் கர்நாடக அரசே கிராமப் பஞ்சாயத்துகளில் குழந்தைகள் கிராம சபை நடத்தச் சொல்லி உத்தரவிட்டது. தாலுகா அதிகாரியிடம் பேசிப் பழகிய பிள்ளைகள்தான் பிறகு அமைச்சர்களிடம் பேசினார்கள். எங்கிருந்து பேசுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1997 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு ஆம்ஸ்டர்டாமில் குழந்தைத் தொழிலாளர் மாநாட்டைக் கூட்டியபோது, இந்த இயக்கங்களின் பிரதிநிதிகளுக்கு மேசையில் இடம் கிடைத்தது. அமைச்சர்கள் இருந்த அதே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒஸ்லோவில் நடந்த மாநாட்டில் அந்த இடம் சுருங்கியது. அடுத்து ஜெனிவா. மிக மோசமான குழந்தை உழைப்பு வடிவங்களை ஒழிப்பதற்கான 182ஆவது உடன்படிக்கையை அங்கே இயங்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1998இலும் 1999இலும் விவாதித்து, 1999 ஜூன் 17 அன்று நிறைவேற்றியது. அந்த வரைவுப் பேச்சில் குந்தாப்பூர் குழந்தைகளுக்கு இடம் இல்லை.

ஐ.எல்.ஓ.வின் தரப்பை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1919இல் தொடங்கிய நாளிலிருந்து அது மூன்று தரப்புகளின் அமைப்பு: அரசு, முதலாளி, தொழிற்சங்கம். அங்கே உட்கார வேண்டுமானால் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச வேலை வயதை வரையறுத்த 138ஆவது உடன்படிக்கையை 1973இலேயே நிறைவேற்றிவிட்டு, அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்களின் சங்கத்தைத் தொழிலாளர் தரப்பாக ஏற்றால் தன் சட்டத்தையே தான் மறுப்பதாகிவிடும் என்று பயந்தார்கள். குழந்தைக்குக் குறைந்த கூலி கொடுத்தால் பெரியவரின் கூலியும் கீழே இறங்கும் என்ற தொழிற்சங்கங்களின் கவலையும் நியாயமானதுதான். இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தொழிற்சங்கமாக ஏற்க வேண்டாம், சரி. குழந்தைகளாக ஏற்கலாமே? 1989 நவம்பர் 20 அன்று ஐநா நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 15ஆவது பிரிவு, ஒன்றுசேர்ந்து அமைப்பு வைத்துக்கொள்ளும் உரிமையையும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறது. எங்களுக்குப் பிடித்த கருத்தாக இருந்தால் என்ற நிபந்தனை இரண்டிலுமே கிடையாது.

182ஆவது உடன்படிக்கையை எடுத்துப் படித்துப் பாருங்கள். செயல்திட்டங்களை வகுக்கும்போது அரசுத் துறைகளையும் முதலாளி, தொழிலாளர் அமைப்புகளையும் கலந்தாலோசிக்க வேண்டும், பொருத்தமான இடத்தில் தொடர்புடைய மற்றக் குழுக்களின் கருத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. குழந்தைகள் என்று அதில் இல்லை. உடன்படிக்கையோடு சேர்த்து நிறைவேற்றிய 190ஆவது பரிந்துரையில்தான், நேரடியாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கருத்து, அவர்கள் குடும்பத்தாரின் கருத்து என்று எழுதியிருக்கிறார்கள். உடன்படிக்கை ஏற்பளித்த நாடுகளைக் கட்டுப்படுத்தும். பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. குழந்தைகளின் குரலை அந்தப் பக்கத்துத் தாளில் கொண்டுபோய் வைத்தார்கள். 2020 ஆகஸ்ட்டில் ஐ.எல்.ஓ.வின் 187 உறுப்பு நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்று முடித்தன. இதற்கு முன் வேறு எந்த ஐ.எல்.ஓ. உடன்படிக்கைக்கும் கிடைக்காத பெருமை அது. கூடவே 6ஆவது பிரிவின் அந்த வரியும் உலகம் முழுவதும் அப்படியே நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் சாத்தூர் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ்தான். விடியும் முன்பே வண்டி வந்து தெருமுனையில் நிற்கும். என் அக்கா அதில் ஏறிப் போவாள். கட்டை அடுக்குகிற வேலை. சாயங்காலம் வந்து வீட்டில் பெட்டி ஒட்டுவாள். அவள் கூலியில் என் ஸ்கூல் பீஸ் போனது. குந்தாப்பூர் கூட்டம் முடிந்த மறுநாள், 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஏதாவது ஒரு வேலைக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும், அந்தப் பணத்தின் வருமானம் பிள்ளையின் படிப்புக்கு என்றது அந்தத் தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. அதன்பின் எங்கள் தெருவுக்கும் கணக்கெடுக்க வந்தார்கள். பெயர், வயது, அப்பா பெயர், எந்த ஆபீஸ் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நீ படிக்கப் போகிறாயா, போனால் எந்த வகுப்பில் உட்காரக் கூச்சமாக இருக்காது, சாயங்காலப் பள்ளி வைத்தால் வருவாயா என்று அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்துக் குந்தாப்பூர் பிரகடனத்தின் பத்து வரிகளையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இந்தப் பிள்ளைகள் சொல்வது சரிதான் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "என்னையக் கேட்டிருந்தா வேலையே வேணாம், ஸ்கூலுக்குத்தான் போவேன்னு சொல்லிருப்பேன்டா. அவங்க வேற மாதிரி சொல்லிருக்காங்க. ரெண்டு பேத்தையும்ல கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றாள்.

நானும் அவள் பக்கம்தான். கண்ணியமான வேலை என்ற ஒன்று 10 வயதுப் பிள்ளைக்கு இருக்க முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை. பெட்டி ஒட்டிய கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் குந்தாப்பூர் குழந்தைகளோடு எனக்குக் கருத்து வேறுபாடு இருப்பது, அவர்களை வெளியே நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. அவர்கள் யாருடைய பிரதிநிதிகள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொத்தடிமையாக இருக்கிற பிள்ளைக்குச் சங்கம் வைக்க முடியாது. 8 வயதுப் பிள்ளை ஜெனிவாவுக்குப் போகாது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பெரியவர்கள், கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள். அதற்கு என் அக்கா சொன்னதுதான் வழி: வேறு விதமாகப் பேசுகிற பிள்ளைகளையும் சேர்த்து அழைப்பது. 1998 ஜனவரியில் மணிலாவில் கிளம்பி 80,000 கிலோமீட்டர் கடந்து, கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று நடத்திய உலகளாவிய நடைப்பயணம் அந்த ஜூனில் ஜெனிவா போய்ச் சேர்ந்தது. குழந்தை உழைப்பை முற்றாக ஒழி என்று முழங்கிய பிள்ளைகள் ஐ.எல்.ஓ. மாநாட்டு அரங்குக்குள்ளேயே வரவேற்கப்பட்டார்கள். அவர்களில் பலர் அந்தக் கொடுமையிலிருந்து மீண்டு வந்தவர்கள். அவர்கள் சொன்னது உண்மை, அவர்களை வரவேற்றது மிகச் சரி. என் அக்கா அந்த நடையில் இருந்திருக்க வேண்டியவள். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மாநாடு ஏற்கெனவே எடுத்திருந்த முடிவோடு ஒத்துப்போன பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது, ஒத்துப்போகாதவர்களுக்குத் திறக்கவில்லை.

நவம்பர் 14 அன்று நம் பள்ளிகளில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து பேசும், பெரியவர்கள் கைதட்டுவார்கள். சர்வதேச மேடை இதைவிட எவ்வளவோ மேல். 2002 மே மாதம் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான ஐநா பொதுச்சபைச் சிறப்புக் கூட்டம் நடந்தபோது, 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மூன்று நாள் தனியாகக் கூடி விவாதித்து ஓர் அறிக்கை எழுதினார்கள். பொலிவியாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமியும் மொனாக்கோவைச் சேர்ந்த 17 வயதுப் பெண்ணும் அதைப் பொதுச்சபையில் வாசித்தார்கள். எங்களை எதிர்காலம் என்கிறீர்கள், நாங்கள் நிகழ்காலமும்கூட என்றார்கள். உலகத் தலைவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தின் இறுதி ஆவணம் அரசுகளுக்கிடையே தனியாகப் பேரம் பேசி எழுதப்பட்டது. பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் லாரா லண்டி 2007இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு நிறைவேற இடமும் குரலும் போதாது, கேட்கும் கடமையுள்ள ஆளும் வேண்டும், கேட்டதற்கு விளைவும் வேண்டும் என்கிறார் அவர். நியூயார்க்கில் முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவது பாதி கிடைத்தது.

பருவநிலை விஷயத்தில் இப்போது நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கிறது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்கு விளக்கம் எழுதும், அதை நாடுகள் மதிக்கின்றனவா என்று பார்க்கும் ஐநா குழந்தை உரிமைகள் குழு 2023 ஆகஸ்ட்டில் சுற்றுச்சூழல் பற்றிய தன் 26ஆவது பொதுக் கருத்துரையை வெளியிட்டபோது, 121 நாடுகளின் குழந்தைகளிடமிருந்து 16,331 கருத்துகளைப் பெற்று எழுதியிருந்தது. 12 பிள்ளைகள் ஆலோசகர்களாகவே இருந்தார்கள். மகிழ்ச்சி. அதே குழுவிடம் 2019இல் 16 பிள்ளைகள், நம் உத்தராகண்டைச் சேர்ந்த ஒரு சிறுமியும் அவர்களில் ஒருவர், ஐந்து நாடுகள் மீது புகார் கொடுத்தபோது, முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று 2021இல் பதில் வந்தது. பிள்ளைகள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழு ஒன்று செய்தது. ஏன் இப்படி முடிவெடுத்தோம், உங்கள் வாதத்தில் எதை ஏற்றோம் என்று அந்தப் பிள்ளைகளுக்கே நேராக ஒரு திறந்த கடிதம் எழுதியது. ஒரு நாட்டிலிருந்து வெளியாகும் கரியமில வாயுவால் எல்லைக்கு அப்பால் இருக்கும் குழந்தைக்கு வரும் தீங்குக்கும் அந்த நாடு பொறுப்பேற்க நேரிடலாம் என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட வாதம்.

அந்த மாதிரி ஒரு கடிதம் குந்தாப்பூர் குழந்தைகளுக்கு வந்ததில்லை. உங்கள் பத்தில் எட்டை ஏற்கிறோம், இந்த இரண்டை ஏற்கவில்லை, காரணம் இது என்று ஜெனிவாவிலிருந்து யாராவது எழுதியிருந்தால் அவர்கள் பதிலுக்கு வாதாடியிருப்பார்கள். வாதாடத் தெரிந்தவர்கள் அவர்கள். பதில் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பொலிவியா சாட்சி. 2013 டிசம்பரில் லா பாஸில், வேலை வயதை 14க்குக் கீழே இறக்க மறுக்கும் மசோதாவை எதிர்த்து ஊர்வலம் போன உழைக்கும் பிள்ளைகள் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. படங்கள் வெளியாகி நாடே அதிர்ந்தது. சிறுவயதில் தானும் வேலை செய்த அதிபர் எவோ மொராலெஸ் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 2014 ஜூலையில் வந்த சட்டம், சில நிபந்தனைகளோடு 10 வயதிலேயே சொந்தமாக வேலை செய்ய அனுமதித்தது. ஐ.எல்.ஓ. கண்டித்தது. 2018இல் பொலிவியா மறுபடி 14க்குத் திரும்பியது. 10 வயது என்பதை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் பல வருடம் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால், மேல் வயதுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் கீழ் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் என்று ஒரு வழி பிறந்திருக்கும், தெருவில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே சட்டம் எழுத வேண்டி வந்திருக்காது என்று தோன்றுகிறது.

2025க்குள் குழந்தை உழைப்பை ஒழிப்போம் என்று உலக நாடுகள் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எழுதி வைத்தன. ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் சொல்லும் கணக்குப்படி 2024இல் இன்னும் 13.8 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள். 2020இல் இருந்த 16 கோடியைவிடக் குறைவு என்பது ஆறுதல். 2024இல் உழைத்தவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில் இருந்தார்கள். இடையில் சில நல்ல முயற்சிகளும் நடந்தன. தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து 36 நாடுகளில் 1,822 உழைக்கும் குழந்தைகளிடம் பேசி அவர்கள் சொன்னதைத் தொகுத்தன. வேலையால் வரும் அடியையும் அவமானத்தையும் சொன்ன அதே பிள்ளைகள், வீட்டுக்குச் சோறு போடுகிறோம் என்ற பெருமையையும் சொன்னார்கள். 2022 மே மாதம் டர்பனில் நடந்த 5ஆவது உலக மாநாட்டில் குழந்தைகளுக்கென்று தனி அரங்கம் வைத்தார்கள்.

அடுத்தடுத்த மாநாடுகளில் குழந்தைகள் அரங்கம் இனி கட்டாயம் இருக்கும். நான் அவற்றின் இறுதி அறிக்கைகளில் ஒரே ஒரு பக்கத்தைத் தேடுவேன். குழந்தைகள் எதையெல்லாம் கேட்டார்கள், அதில் எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதிய பக்கம். 2009இல் எழுதிய 12ஆவது பொதுக் கருத்துரையிலேயே ஐநா குழு இதைக் கேட்டுவிட்டது. பங்கேற்ற பிள்ளைகளுக்குத் தங்கள் கருத்து என்ன ஆனது என்று திரும்பச் சொல்வது நடத்துகிறவர்களின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. செலவு பிடிக்கிற வேலையும் இல்லை. உழைக்கும் குழந்தைகளின் இயக்கங்கள் இன்றும் டிசம்பர் 9ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றன. கடிதம் யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற குழப்பமும் இருக்காது.